மெழுகின சுவரும் சும்மா கிடைச்ச மருந்தும்

சுன்னாகச் சந்தையில வாழைக்குலை ஏத்தி இறக்கிறவனுக்கு வெளிநாடு எண்டா, ஆனையிறவுக்கு அங்கால இருக்கிறதுதான். எங்கட ஊரில சிங்கப்பூர் போனவை இருக்கினம், மலாயா போனவை இருக்கினம். வந்து ஆறு மாதத்துக்குக் குறையாமக் கதைப்பினம். நானும் ஒருக்காக் கடல் தாண்டினனான், கிளிநொச்சிக்கு. ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவில றோட்டு. பாஸ்போட் கேக்கேல்லை எண்டதைத் தவிர மற்றதெல்லாம் ஒண்டுதான்.

அனுப்பினவ அம்மா. என்ர தங்கச்சி மங்களம் கலியாணம் முடிச்சு, அரசாங்கக் குடியேற்றத்தில காணி கிடைச்சு, புருசன் செல்லத்துரையோட கிளிநொச்சிப் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில இருந்தவள். வயித்தில ஆறு மாதம். "காட்டுக்குள்ள நுளம்புக்கு நடுவில பிள்ளை பெற விடேலாது. போய்க் கூட்டிக்கொண்டு வாடா" எண்டா அம்மா.

அவளுக்கு இது ரெண்டாவது. தலைப்பிள்ளை எங்கட வீட்டிலதான் பிறந்தது. அம்மா ஆஸ்பத்திரிக்கு விடேல்லை. தருமாஸ்பத்திரி எண்டா பிச்சைக்காரருக்கு, நாங்கள் மானமுள்ள ஆக்கள் எண்டா. ஒழுங்கையில இருந்த ஒரு மனிசிதான் வீட்டுக் கத்தியால தொப்புள் வெட்டினவ. ஒரு கிழமையில பிள்ளை வாய் பூட்டிப் பால் குடிக்காமப் போச்சு. அதைப் பற்றி எங்கட வீட்டில ஒருத்தரும் கதைக்கிறேல்லை. கதைக்காததாலதான் எல்லாருக்கும் நல்லா ஞாபகம்.

இப்பிடியொரு காரியத்துக்கு என்னைத் தெரிவு செய்தது என்ர புத்திக்காக எண்டு நினையாதேங்கோ. வீட்டில வேற ஆம்பிளை இல்லை.

முதல் நாள் பஸ் ஆனையிறவு உப்பளத்துக்குக் கிட்ட வந்து இருமிப்போட்டு நிண்டிட்டுது. கொண்டக்டர் இறங்கி வந்து, "எல்லாரும் இறங்கித் தள்ளுங்கோ" எண்டார். முன் சீற்றில ஒரு முதலாளி, வயிறு மடியில இருக்க, அவர் மாத்திரம் அசையேல்லை.

"கொம்பனி பஸ் ஓடேக்க இப்பிடி நடக்கிறேல்லை. அரசாங்கம் எடுத்துது, எல்லாம் நாசம்" எண்டார்.

கோழி ஒண்டைக் கக்கத்துக்க வைச்சிருந்த ஒரு பொம்பிளை திரும்பினா. "ஓம் ஐயா. கொம்பனி பஸ்ஸில நீங்கள் சீற்றில இருந்தனீங்கள், நாங்கள் கீழ பலகையில குந்தினனாங்கள். இப்ப நாங்களும் சீற்றில இருக்கிறம், நீங்களும் இறங்கித் தள்ளுறியள். வாங்கோ, கை வையுங்கோ."

கொண்டக்டர் சொன்னார்: "இது இப்ப எங்கள் எல்லாருக்கும் சொந்தமான பஸ்."

சொந்தக்காரர் எல்லாரும் வெயிலுக்க நிண்டு தள்ளினம். முதலாளியும் ஒரு விரலால தள்ளினார். அதுவரைக்கும் எனக்குச் சொந்தமா ஒரு சைக்கிள் கூட இருக்கேல்லை. ஒரு பஸ்ஸே எனக்குச் சொந்தம் எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது, அதுவும் ஓடாத பஸ்.

போய்ச் சேந்த உடன மச்சான் செல்லத்துரை சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். நல்ல உழைப்பாளி. ஒரு குறைதான்: சமதர்மக்காரன். "வா மச்சான்" எண்டு சொன்ன கையோட, "இஞ்ச பார், ஏற்றத்தாழ்வே இல்லாத ஊர்!" எண்டு கையை விரிச்சுக் காட்டினான்.

உண்மைதான். எல்லாருக்கும் ஒரே அளவு காணி, ஒரே அளவு மண்வீடு, ஒரே மாதிரிக் கிடுகுக் கூரை. சங்கக்கடைக்கு நீலப் பூப்போட்ட சீத்தைத் துணி ஒரேயொரு கட்டு வந்ததாம். அதில தங்கச்சிக்குச் சட்டை, யன்னலுக்குச் சீலை, தலையணைக்கு உறை, பக்கத்து வீட்டுக் குழந்தையளுக்கு உடுப்பு. பின்னேரம் வாய்க்கால் கரையில நிண்டு பாத்தா ஊர் முழுக்க ஒரு தலையணை எழும்பி நடக்கிற மாதிரி இருக்கும். அதுக்குள்ளயும் எங்கட சனம் விடேல்லை. ஒரு வீட்டுக்காரர் வேலிப் படலைக்கு நீலச் சாயம் பூச, அடுத்தவர் படலையை ஒரு சாண் உயத்த, மூண்டாமவர் ரெண்டு படலை போட்டார். உள்ளுக்குப் போகவர ஒண்டு, பாக்கிறதுக்கு ஒண்டு.

அண்டிரவு சாப்பாட்டைச் சொல்லாமப் போனா நான் மனிசன் இல்லை. புதுநெல்லுப் புழுங்கல் அரிசிச் சோறு, குளத்து விரால் தீயல், தேங்காய்ச் சம்பல், பிறகு எருமைத் தயிரும் தேனும். யாழ்ப்பாணத்தில தயிர் எண்டு தாறது, வன்னித் தயிருக்கு முன்னால வெக்கப்பட்ட தண்ணி. மூண்டாவது கோப்பையோட நான் ஒரு முடிவெடுத்தன். தங்கச்சியைச் சமாதானப்படுத்திறது ஒரு நாளில முடியிற வேலை இல்லை, ஆறுதலா இருந்துதான் செய்யவேணும்.

அடுத்தநாள் காலமை கேட்டன், "என்னடி, வாறியோ?"

"வரமாட்டன் அண்ணை."

"அம்மா அழுவா."

"அம்மா அழட்டும். நான் ஒருக்கா அந்த வீட்டில அழுதனான், காணும்." புட்டுப் பானையைப் பாத்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு மெதுவாச் சொன்னாள், "இந்தப் பிள்ளையை நான் ஆஸ்பத்திரியிலதான் பெறுவன். இது எனக்கு வேணும் அண்ணை."

நான் புட்டைச் சாப்பிட்டன்.

அந்த நேரம் பாத்து சைக்கிள் மணி அடிச்சுது. அரசாங்க மருத்துவிச்சி அம்மா. வெள்ளைச் சீலை, சைக்கிள் காரியரில கறுப்புப் பெட்டி. வந்தவ தங்கச்சியின்ர கண்ணைப் பாத்தா, காலை அமத்திப் பாத்தா, குசினிக்குள்ள போய்த் தண்ணிப் பானையைத் திறந்து பாத்தா. பொலிசு கூட இப்பிடித் தேடாது. பிறகு என்னைப் பாத்தா.

"நீர் ஆர்?"

"தமையன் அம்மா. யாழ்ப்பாணம்."

"யாழ்ப்பாணத்தில நகம் வெட்டிறேல்லையோ?"

கையைப் பின்னால கட்டினன். மச்சானுக்குச் சந்தோசம் தாங்கேல்லை. "பாத்தியோ மச்சான், இவவுக்கு நாங்கள் ஒரு சதமும் குடுக்கிறேல்லை!" எண்டான்.

"சும்மாவே இவ்வளவு பேச்செண்டா, காசு குடுத்தா அடிப்பாவோ?" எண்டன். தங்கச்சிக்குத்தான் சிரிப்பு வந்தது. மருத்துவிச்சி அம்மாவுக்கு வரேல்லை.

மூண்டாம் நாள் வீடுகளுக்கு மருந்தடிக்கிற ஆக்கள் வந்தினம். ஒழிஞ்சு போச்சு எண்ட மலேரியாக் காய்ச்சல் திரும்பித் தலை காட்டத் தொடங்கின காலம் அது. முதுகில தகரப் பம்ப், வாயில துணி. வீட்டுச் சாமானெல்லாம் வெளியில எடுத்து வைக்கச் சொல்லிச்சினம். ஒரு ஊரின்ர உள்வீட்டுச் சங்கதி முழுக்க முத்தத்துக்கு வந்தா எப்பிடியிருக்கும் எண்டு அண்டைக்குப் பாத்தன். "அரிசி இல்லை" எண்டு நெடுகக் கடன் கேக்கிற வீட்டில ரெண்டு மூட்டை நெல்லு. சமதர்ம மச்சான்ர பெட்டிக்குள்ள ரெண்டு பட்டுவேட்டி. நான் வேட்டியைத் தடவி மட்டும் பாத்தன்.

மருந்தடிக்கிற ஆக்களை மேய்க்கிற ஓவசியர் சிங்களவர். அடிச்சு முடிய, சுவரைக் காட்டி, விரலை ஆட்டி, சிங்களத்தில நாலு சொல்லுச் சொன்னார். ஊரில சிங்களம் தெரிஞ்சது மச்சானுக்குத்தான். எல்லாரும் அவன்ர வாயைப் பாத்தினம். அவனுக்கு அது காணும்.

"தோழர்களே! ஓவசியர் என்ன சொல்லுறார் எண்டா, நுளம்பு எண்டது ஒரு முதலாளி. ஏழையின்ர ரத்தத்தைக் குடிச்சுக் கொழுக்குது. அந்த முதலாளிக்கு எதிரா இண்டைக்கு அரசாங்கம் மருந்தடிக்குது..."

பத்து நிமிசம் போச்சு. ஓவசியர் இடையில திரும்பவும் சுவரைக் காட்டி அதே நாலு சொல்லைச் சொன்னார்.

"அதைத்தான் அவர் திரும்பவும் வற்புறுத்திறார்!" எண்டான் மச்சான்.

எல்லாரும் தலையாட்டினம். தலையாட்டினதைக் கண்டு ஓவசியரும் திருப்தியாப் போட்டார்.

அவை போன பிறகு வீட்டைப் பாத்தா, மண்சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாப் பூசணம் பிடிச்ச மாதிரி. ஒரு மணமும். பொங்கலுக்கு நாலு நாள்தான் இருந்தது. அடுத்தநாள் தங்கச்சி கிளினிக்குக்குப் போட்டாள், மச்சான் கூட்டத்துக்குப் போட்டான். தயிர் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருந்த எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு பாசம் வந்தது. பிள்ளைத்தாச்சி குனிஞ்சு நிமிந்து வீடு மெழுகவோ? நான் ஒருத்தன் தடிமாடு மாதிரி இருக்கேக்க?

சாணமும் புத்துமண்ணும் குழைச்சன். நாலு சுவரையும் அடியில இருந்து முகடு வரைக்கும் மெழுகினன். ஒரு வெள்ளைப் பொட்டு மிச்சம் வைக்கேல்லை. வாழ்க்கையில நான் ஒழுங்காச் செய்து முடிச்ச ஒரே வேலை அதுதான்.

தங்கச்சி வந்து பாத்தாள். "வடிவா இருக்கு அண்ணை. ஆனா மருந்து போயிடாதோ?"

"எங்க போறது? சுவருக்குள்ள இறங்கியிருக்கும். இனிச் சுவருக்குக் காய்ச்சலே வராது" எண்டன்.

பொம்பிளையள் வேலி மேலால எட்டிப் பாத்துச் சிரிச்சினம், ஆம்பிளை வீடு மெழுகிறான் எண்டு. சிரிச்சு முடியத் தங்கட சுவரைப் பாத்தினம். பொங்கலுக்கு முதல்நாள் பின்னேரம் அந்த வாய்க்கால் கரையில மெழுகாத வீடு ஒண்டும் இல்லை. அரசாங்கம் முதுகில சுமந்து கொண்டு வந்து அடிச்ச மருந்தை, ஊர் முழுக்க ஒரே மனசாச் சாணத்தால மூடினம். ஒற்றுமை எண்டா அதுதான் ஒற்றுமை.

பொங்கல் சோக்கா நடந்தது. அதுக்குப் பிறகும் போகவேணும் போகவேணும் எண்டு ரெண்டு கிழமை நிண்டன். ஒரு நாள் மத்தியானம், நல்ல வெயில், தங்கச்சி "குளிருது அண்ணை" எண்டாள். சீலை போத்தினன். சாக்குப் போத்தினன். அதுக்கு மேல மச்சான்ர பட்டுவேட்டியையும் போத்தினன். கட்டில் ஆடிச்சுது. பல்லு அடிக்கிற சத்தத்துக்க அவள் ஒண்டு சொன்னாள், என்ர காதைக் கிட்டக் கொண்டுபோய்த்தான் கேட்டன்.

"பிள்ளை அசையேல்லை அண்ணை. காலமையில இருந்து."

உழவு மெசின் இழுக்கிற பெட்டியில வைக்கோல் பரப்பி, அவளைக் கிடத்திக்கொண்டு போனம். மச்சான் அவளின்ர தலையை மடியில வைச்சுப் பிடிச்சுக்கொண்டு இருந்தான். நான் எனக்குத் தெரிஞ்ச பிள்ளையாரெல்லாரையும் கூப்பிட்டன். அவையும் சும்மா வேலை செய்யிற ஆக்கள்தானே.

ஆஸ்பத்திரியில முன்னால நீட்டு வாங்கு. பாத்தா பாதி எங்கட வாய்க்கால் சனம். படலை உயத்தினவர், ரெண்டு படலைக்காரர், நெல்லு ஒளிச்ச வீட்டுக்காரி, எல்லாரும் ஒரே வாங்கில இருந்து ஒரே மாதிரி நடுங்கிச்சினம். மச்சான் கேட்ட சமத்துவம் வந்திட்டுது. கொண்டு வந்தவன் நான்.

அங்க டொக்டருக்கு அடுத்தவர் அப்போதிக்கரி ஐயா. எங்களைப் போல ஆக்களுக்கு அவர்தான் டொக்டர். தங்கச்சியின்ர விரலில குத்தி ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடித் துண்டில எடுத்தார். பிறகு நாதஸ்வரத்தின்ர வாய் மாதிரி ஒரு குழலை வயித்தில வைச்சு, மற்றப் பக்கம் தன்ர காதை வைச்சார். கனநேரம். இடம் மாத்தி வைச்சார். வாங்கில இருமினவை கூட நிப்பாட்டிச்சினம். தங்கச்சி என்ர கையைப் பிடிச்ச பிடியில, மருத்துவிச்சி அம்மா சொல்லி அவள் நகம் வெட்டியிருந்தது அவளுக்கில்லை, எனக்குத்தான் நல்லது எண்டு தெரிஞ்சுது.

"துடிக்குது" எண்டார்.

நான் சாரத் தலைப்பால முகத்தைத் துடைச்சன். மச்சான் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டு அழுதான். தங்கச்சி மாத்திரம் அழேல்லை. "திரும்பவும் வைச்சுப் பாருங்கோ ஐயா" எண்டாள். அவரும் திரும்ப வைச்சுப் பாத்தார். "துடிக்குது பிள்ளை. நல்லாத் துடிக்குது."

பிறகு என்னைக் கேட்டார், "உங்கட பக்கம் மருந்தடிச்சவையெல்லே? பிறகேன் இவ்வளவு பேர் வாறியள்? மருந்தில பிழையோ?"

வாங்கு முழுக்க நிலத்தைப் பாத்துது. இந்த இடத்தில "ஓம் ஐயா, மருந்தில பிழை" எண்டா கதை முடிஞ்சுது. அரசாங்க மருந்து திறமில்லை எண்டு கொழும்புக்கு எழுதுவினம், எனக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனா தங்கச்சி பாத்துக்கொண்டு கிடந்தாள்.

"மருந்தில பிழையில்லை ஐயா. நான் அதுக்கு மேல சாணம் பூசினனான்."

"ஊர் முழுக்கவோ?"

"தங்கச்சி வீட்டுக்கு நான். ஊருக்கு, என்னைப் பாத்து ஊர்."

"நீர் என்ன படிச்சனீர்?"

"ரெண்டாம் வகுப்பு ஐயா. அதுவும் முழுக்க இல்லை."

பெருமூச்சு விட்டார். "நீர் பரவாயில்லை. போன கிழமை ஒரு வாத்தியார் மருந்துக்கு மேல வெள்ளை அடிச்சுப்போட்டு வந்தவர்."

தங்கச்சியை வாட்டில விட்டினம். கட்டில் இல்லை, பாய்தான். பக்கத்துப் பாயில முல்லைத்தீவில இருந்து வந்த ஒரு முஸ்லிம் வியாபாரியின்ர மனிசி. கசப்புக் குளிசையை விழுங்கிப்போட்டு ரெண்டு பேரும் ஒரே நேரம் முகத்தைச் சுழிச்சதில சிநேகிதம் வந்து, அவவின்ர கஞ்சியில பாதி தங்கச்சிக்கு வந்தது. மருந்துத் தண்ணிக்குப் போத்தல் நாங்கள்தான் கொண்டு போகவேணும். வீட்டில இருந்தது மச்சான்ர சாராயப் போத்தல் ஒண்டுதான். மணந்து பாத்த நேர்ஸ் மிஸ்ஸி, "இது பிள்ளைத்தாச்சிக்கோ, தமையனுக்கோ?" எண்டா.

அஞ்சாம் நாள் பிள்ளை உதைச்சுது எண்டாள் தங்கச்சி. நானும் மச்சானும் அதுக்குள்ள வீடு வீடாப் போய்ச் சாணத்தைச் சுரண்டத் தொடங்கியிருந்தம். எனக்குக் கிடைக்காத வசவில்லை. ஒரு மனிசி, "உன்னைப் பாத்துத்தானேடா மெழுகினனான்!" எண்டு விளக்குமாத்தைத் தூக்கிச்சுது. அரசாங்கம் மருந்து தரலாம், அரிசி தரலாம், பஸ் தரலாம். அதை வைச்சிருக்கிற மூளையையும் கூப்பனுக்குத் தந்தா நல்லம். தந்தாலும் நான் வரிசையில கடைசியிலதான் நிண்டிருப்பன்.

ஓவசியர் திரும்ப வந்தார். அடிச்சு முடிய, சுவரைக் காட்டி, விரலை ஆட்டி, அதே நாலு சொல்லு. சனம் மச்சானைப் பாத்துது. மச்சான் தொண்டையைச் செருமினான்.

"ஆறு மாதத்துக்கு மெழுகாதேங்கோ" எண்டான். நிப்பாட்டிட்டான்.

என்ர மச்சான் தன்ர வாழ்நாளில கதைச்ச ஆகத் திறமான அரசியல் பேச்சு அதுதான்.

நான் தனிய ஊர் திரும்பினன். எனக்கு முதலே காய்ச்சல் கதை ஊருக்குப் போய்ச் சேந்திட்டுது. வீட்டில அம்மாவோட பெரிய மாமா இருந்தார். சோத்தைப் பிசைஞ்சுகொண்டு சொன்னார், "நான் அப்பவே சொன்னனான். சும்மா குடுக்கிற மருந்து இப்பிடித்தான். அரசாங்கம் சும்மா குடுத்துக் குடுத்துச் சனத்தைப் பழுதாக்கிப்போட்டுது." அவர் பிசைஞ்ச சோறு, அரசாங்கம் சும்மா தாற கூப்பன் அரிசி. சாப்பிட்டு முடியப் பென்சன் எடுக்கப் போக இருந்தவர்.

"மாமா, மருந்து திறம். மூடினது நான்" எண்டு சுவர் கதையை முழுக்கச் சொன்னன்.

"ஆம்பிளை வீடு மெழுகினனியோ?" மாமாவுக்கு அதுதான் பெரிய வருத்தம்.

மாமா போன பிறகுதான் அம்மா, அடுப்புக்கு முன்னால இருந்துகொண்டு, "பிள்ளை அசையுதோ?" எண்டா.

"அசையுது அம்மா."

"குழல் வைச்சுப் பாத்தவையோ?"

"ரெண்டுதரம் பாத்தவை."

விறகை உள்ளுக்குத் தள்ளினா. "அண்டைக்கு நானும் விட்டிருக்கலாம்" எண்டா. இவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில அதைப் பற்றிக் கதைச்ச முதல் வசனம் அது. நான் விறகு ரெண்டை அவவுக்குக் கிட்ட நகத்தி வைச்சன். எனக்குப் பகிடிதான் தெரியும், அது அங்க செல்லாது.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில தந்தி வந்தது. அம்மா தன்ர வாழ்க்கையில முதல்தரம் ஆனையிறவு தாண்டினா. வாட்டுக்குள்ள போய்ப் பாத்தா, மங்களம் கட்டிலில இருக்கிறாள், பக்கத்தில துணியில சுத்தின ஒரு பெட்டைக்குட்டி. அம்மா பிள்ளையைத் தூக்கேல்லை. மடிச் சுருக்குப் பையைத் திறந்துகொண்டு முதலில மிஸ்ஸியிட்டப் போனா.

"எவ்வளவு குடுக்கவேணும் பிள்ளை?"

"ஒண்டும் இல்லை அம்மா."

"மருந்துக்கு?"

"இல்லை."

"கட்டிலுக்கு?"

"இல்லை அம்மா. போய்ப் பேத்தியைத் தூக்குங்கோ."

அம்மா திரும்பி வந்து என்ர காதுக்குள்ள சொன்னா, "ஒரு சதமும் வாங்காமத் தாறாங்கள் எண்டா எனக்குச் சந்தேகமா இருக்கடா. வேற ஆரின்ரயும் பிள்ளையோ தெரியாது."

துணியை அவிட்டா. கால்விரலில இருந்து தொடங்கிச் சந்தையில கத்தரிக்காய் பாக்கிற மாதிரிப் பாத்துக்கொண்டு மேல வந்தா. வயித்தடிக்கு வந்ததும் கை நிண்டிட்டுது. தொப்புளில சுத்தமான வெள்ளைத் துணிக் கட்டு. கனநேரம் அதைப் பாத்தா, தொடேல்லை. குளிர் பட்டதோ என்னவோ, பிள்ளை வாயை ஆவெண்டு திறந்து வாடு முழுக்கக் கேக்கக் கத்திச்சுது.

"எங்கடைதான்" எண்டு தூக்கி நெஞ்சோட வைச்சா அம்மா. கண்ணால தண்ணி ஓடுது, வாய் மாத்திரம் என்னைப் பாத்து, "ஒரு வேலையும் செய்யாமச் சத்தம் போடுது. மாமனை அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கு."